இடது பெடல்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முதுகுவலி தேவலையா? பஸ் ஓட்டும்போது இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னாரே டாக்டர், போடுகிறாரா?

விஷயம் இதுதான். என் சைக்கிள் போய்விட்டது. பின்சக்கரத்து ரிம் பிளந்து, ஃபிரேமிலும் விரிசல் விட்டுவிட்டது. இங்கே இருக்கிற மெக்கானிக் பார்த்துவிட்டு, "சார், இதுல இனிமே துணிதான் காயப்போடலாம்" என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று வேண்டும். அது உன் சைக்கிள் கடையில் நீ கட்டியதாக இருக்கவேண்டும். ஃபிக்ஸட் கியர் கட்டித் தருவாயா?

எங்கள் பட்டறையில் லென்ஸ் வெட்டுகிற பிரிவில் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அக்கா, கால் தானாகவே போகிறது. நான் பெடலை மிதிக்கிறேனா, பெடல் என் காலைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை. இறங்க மனமே வரவில்லை. அவர்தான் "சாப்பாடு ஆறுது, வண்டியக் குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டார்.

வழியையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய். சந்திலிருந்து இறங்கினால் ஆஸ்பத்திரி ரோடு. அதில் சிக்னல்கள். பிறகு ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம். அதை ஏறி இறங்கினால் கிடங்குகள், அவற்றுக்குப் பின்னால் பட்டறை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு செருப்பைத் தொலைத்தேன். பாலத்தின் மேல் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, பட்டறை வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு உள்ளே போனதில் அன்று முழுவதும் எல்லோருக்கும் நான்தான் வேடிக்கை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜூன் 10

அவசரக்குடுக்கைக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் சௌக்கியம். மாமா பெல்ட் போடுவதில்லை, போட்டால் பயணிகள் சிரிப்பார்களாம். அவர் முதுகைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைப்பு. அது சரி, "இங்கே எல்லோரும் நலம்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாயே, நீ தனிக்கட்டை, எல்லோரும் என்றால் யார் யார்? நீயும் உன் ஸ்டவ்வுமா?

ஃபிக்ஸட் வேண்டாம். என் கடைக்கு வருகிற ஃபிக்ஸட் கோஷ்டியை நீ பார்க்கவேண்டும். பிரேக்கே வேண்டாம் என்பார்கள், காலாலேயே வண்டியை நிறுத்துவார்களாம். அடுத்த மாதம் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு பிரேக் போட்டுடுங்க" என்பார்கள். அவர்களுக்கு இருபது வயது. உனக்கு நாற்பத்திரண்டு, ஞாபகம் இருக்கட்டும். நீ சொல்கிற பாதைக்கு கியர் சைக்கிள்தான். பாலம் ஏறும்போது கியரைக் குறைத்துப் போட்டால் பேசிக்கொண்டே ஏறலாம். இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு காற்று வாங்கலாம். ஃபிக்ஸடில் அந்தச் சுகம் கிடையாது, கால் ஓயவே ஓயாது. அப்பாவின் காலைப் பார்த்த பிறகு, காலுக்கு ஓய்வு கொடுக்காத வண்டி எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை.

செருப்பு என்று வந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கும் அந்தக் கால் நோய் அப்படித்தானே ஆரம்பித்தது. செருப்பு நடுத்தெருவில் கிடக்கும், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். இது பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பது தாண்டியதும் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாரே, நீ போனாயா? நான் போய், எனக்கு ஒன்றுமில்லை என்று போன வருஷமே உனக்கு எழுதினேன். உன்னுடையது என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை.

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா, வெச்சிடறேன்" என்று இரண்டு நிமிஷத்தில் ஓடிவிடுவாய். அதற்காகத்தான் உன்னை எழுதச் சொல்கிறேன். கடிதத்தில் ஒரு பக்கமாவது நிரப்பியாக வேண்டும் அல்லவா?

பட்டறையில் ஆட்களை ஏற்றிக்கொள்ள வேன் வருமே, அதில் போனால் என்ன?

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் ஸ்டவ்வும் நலம். உன் கடிதம் வந்தது.

செருப்பு பழையது, வார் இற்றுப்போயிருந்தது. அதற்குப் போய்ப் பயப்படாதே.

வேனில் போனால் சூப்பர்வைசர் பக்கத்தில் உட்காரவேண்டும். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், ஆளிடம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். காலை நேரத்தில் அவர் முகத்தில் விழிக்க என்னால் ஆகாது.

கியர் சைக்கிளைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பட்டறையைச் சுற்றிக் கண்ணாடித் தூள். மூக்கு, காது, டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். கியர் போட்டால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். ஃபிக்ஸட் என்றால் ஒரு செயின், இரண்டு பல்சக்கரம், அவ்வளவுதான். மழையானாலும் துடைத்துவிட்டுப் போகலாம். கோஷ்டியில் சேரமாட்டேன், முன்னாலும் பின்னாலும் பிரேக் போட்டுக்கொடு, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. இடது பெடலுக்கு மட்டும் காலை இறுக்கிக் கட்டுகிற பட்டை வேண்டும், அகலமானதாக. வலதுக்கு வேண்டாம், சிக்னலில் அந்தக் காலைத்தான் ஊன்றுவேன்.

பரிசோதனைக்கு என்ன, தினமும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தானே போகிறேன், ஒரு நாள் உள்ளே நுழைந்தால் ஆயிற்று. மாமாவை பெல்ட் போடச் சொல்.

தம்பி


ஜூலை 3

குடுக்கைக்கு,

ஆசிகள். இங்கே நல்ல வெயில், கடைக்குள் டயர் வாசனையில் தலை சுற்றுகிறது, மற்றபடி குறையில்லை. நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். கட்டித் தருகிறேன், போ.

ஆனால் என் வழியில் கட்டுவேன். பின்சக்கரத்தின் நடுவே வைக்க, இரண்டு பக்கமும் பல்சக்கரம் போடுகிற ஹப் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஃபிக்ஸட். இன்னொரு பக்கம் ஃப்ரீவீல், அதாவது நீ மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் வண்டி மாறிவிடும். உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.

உன் பழைய சைக்கிளின் சீட்டையும் இரண்டு பெடலையும் கழற்றி அனுப்பு. எங்கள் கடையில் யாருக்கு வண்டி கட்டினாலும் பழைய சீட்டையும் பெடலையும் வாங்கிப் பார்க்காமல் ஆரம்பிக்கமாட்டோம். எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தக் கால் அழுத்தி மிதிக்கிறது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். மாமா இதை என் ஜோசியம் என்பார். இருக்கட்டும், அனுப்பு.

பட்டை எதற்கு ஒரு காலுக்கு மட்டும்? சரி, போடுகிறேன்.

பரிசோதனையைப் பற்றி இனிமேல் நான் கேட்கமாட்டேன் என்று நினைக்காதே.

அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

சீட்டையும் பெடலையும் அனுப்ப முடியவில்லை. உன் கடிதம் வருவதற்குள் பழைய சைக்கிளை அப்படியே காயலான் கடையில் போட்டுவிட்டேன். நீ உன் ஜோசியம் இல்லாமலே கட்டிவிடு. என் உயரம்தான் உனக்குத் தெரியுமே.

ஒரு நல்ல செய்தி. என்னை மெருகு போடுகிற மெஷினிலிருந்து எடுத்து, லென்ஸ்களைச் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை போய், உட்கார்ந்து செய்கிற வேலை. பூதக்கண்ணாடியே கூப்பிட்டு, "நீங்க அங்க உட்காருங்க, உங்க கண்ணு நல்லாயிருக்கு" என்றார். எனக்குக் கண் நன்றாக இருக்கிறது என்பது பத்து வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேஜை ஜன்னல் ஓரம். வாசலில் வேன் வந்து நிற்பதும் எல்லோரும் இறங்குவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

இந்த மேஜையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முட்டி தேய்ந்துபோய் நடக்க முடியாமல் இருந்தார், பாவம். பட்டறையில் அப்படித்தான். மெஷினிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து வாசலுக்கு.

வண்டியைச் சீக்கிரம் அனுப்பு அக்கா. இப்போதைக்கு ஆட்டோவில் போய்வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 12

குடுக்கைக்கு,

ஆசிகள். வண்டியை நேற்று பார்சல் லாரியில் ஏற்றியாயிற்று. மாமாவே தோளில் சுமந்துகொண்டு போய் ஏற்றினார். சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஹாரன் அடிக்கிற மனிதர், உன் வண்டிக்காக முதுகுவலியோடு சுமந்தார், குறித்து வைத்துக்கொள்.

கறுப்பு ஃபிரேம். சக்கரம் இரண்டும் என் கையால் கோர்த்துக் கோட்டம் எடுத்தது. தட்டிப் பார், எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் கொடுக்கும். இடது பெடலில் அகலப் பட்டை. இரண்டு பிரேக்.

இப்போது திட்டாமல் கேள். ஃப்ரீவீல் பக்கத்தைத்தான் மாட்டியிருக்கிறேன். ஃபிக்ஸட் பல்சக்கரம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஒரு மாதம் இப்படியே ஓட்டு. புது வண்டி, மழைக்காலம், பாலத்து இறக்கம், அதில் எடுத்த எடுப்பில் ஓயாமல் சுற்றுகிற பெடலோடு உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. பழகிவிட்டாய் என்று தெரிந்ததும் பல்சக்கரத்தை அனுப்புகிறேன். ஒருவேளை அனுப்ப வேண்டியே இருக்காது, அதற்குள் நீயே வேண்டாம் என்பாய்.

அக்கா சொன்னால் காரணம் இருக்கும். பரிசோதனை?

அக்கா


ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. மிகவும் அழகாக இருக்கிறது. கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரிதான். நன்றாக ஓடுகிறது. மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

அந்தப் பல்சக்கரத்தை முடிந்தால் அனுப்பு.

தம்பி


செப்டம்பர் 5

குடுக்கைக்கு,

என்னடா இது, தந்தி மாதிரி? கட்டியவளுக்கு வண்டியைப் பற்றி நாலு வார்த்தை எழுதக் கூடாதா? சீட்டின் உயரம் சரியா, கைப்பிடி எட்டுகிறதா, பாலம் ஏறுகிறதா, ஒன்றுமே இல்லை. "நன்றாக ஓடுகிறது" என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னால் எனக்குத் தெரியும், அவர்கள் வண்டியைத் தொடவே இல்லை என்று.

கோபமா? பல்சக்கரத்தை அனுப்பவில்லை என்றா? உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேட்டால் உன் தலையிலிருந்து கிரீடம் இறங்கிவிடாது.

மாமா ஒரு வழியாக பெல்ட் போட ஆரம்பித்துவிட்டார். சட்டைக்கு உள்ளே.

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். உடனே எழுது. உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, அதனால்தான் எடுக்க முடியவில்லை. உன் மேல் கோபம் எதுவுமில்லை.

பாலத்தில் ஏறும்போது நாய் ஒன்று குறுக்கே வந்து, விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் எலும்பு விட்டிருக்கிறது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எழுதுகிற கை தப்பியது, அதுவரைக்கும் லாபம். பட்டறையில் லீவு கொடுத்திருக்கிறார்கள், கட்டுப் பிரித்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் மேஜைக்கு வேறு ஆள் தயார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பின்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் அதைக் கழற்றி உனக்கு பார்சல் செய்யச் சொல்லியிருக்கிறேன். கோட்டம் எடுத்துக்கொடு. இந்த முறை ஃபிக்ஸட் பல்சக்கரத்தைப் போட்டே அனுப்பு அக்கா. காரணம் கேட்காதே. உன்னிடம் எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை.

தம்பி


அக்டோபர் 20

என் தம்பிக்கு,

பார்சல் வந்தது. நீ சக்கரத்தை மட்டும் அனுப்பச் சொல்லியிருப்பாய். டெய்லரம்மாவுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. வண்டியில் எதெல்லாம் ஆடியதோ அதையெல்லாம் யாரையோ வைத்துக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டி அனுப்பிவிட்டார். சக்கரத்துக்கு அடியில் இடது பெடலும் இருந்தது.

பெடலோடு உன் ஷூவும் இருந்தது.

முதலில் பட்டையில் சிக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு போல்ட் போட்டு ஷூவின் அடியைப் பெடலோடு முடுக்கியிருந்தது. போல்ட்டின் தலை பாதத்தில் குத்தாமலிருக்கத் துணியை மடித்து வைத்துத் தைத்திருந்தது. திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். மண் இல்லை, தேய்மானம் இல்லை. ஒரு அடிகூட நடக்காத ஷூ. நான் போட்ட பட்டைகூட உன் காலை நிறுத்தவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா கடைசிக் காலத்தில் செருப்பைக் கயிறு போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டாரே, அந்தக் கால்தான் என் கண் முன்னால் வந்தது.

பஞ்சர் போட வந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டுக் கடையை மூடினேன். அந்தப் பெடலை வேறொரு வண்டியில் மாட்டினேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்குப் போய், உன் ஷூவுக்குள் என் காலை விட்டு, அந்தக் கால் செத்த மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டினேன். மாமா, குழந்தைக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடவே ஓடிவந்தார். ஃப்ரீவீலில் வலது கால் ஒரு மிதி மிதித்துக் கீழே போய் நின்றுவிட்டது. மேலே வரவில்லை. இடது கால் மிதித்தால்தானே அது மேலே வரும்? வண்டி ஆடி ஆடி நின்றது. நான் இடது பக்கம் சாய்ந்தேன், கால் ஷூவுக்குள் மாட்டியிருந்தது, மாமா பிடித்துக்கொண்டார். உன்னைப் பிடிக்க அந்தப் பாலத்தில் யாரும் இல்லை.

பிறகு டிராயரிலிருந்த பல்சக்கரத்தைப் போட்டு ஓட்டினேன். வலது கால் கீழே போனதும், சக்கரம் ஓடுகிற வேகமே அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. திரும்ப மிதித்தேன். திரும்ப வந்தது. "கால் தானாகவே போகிறது" என்று ஜூன் மாதமே எழுதினாய். முப்பது வருஷமாகச் சக்கரம் கட்டுகிறேன், எனக்கு அது உறைக்கவில்லை. நாய் எதுவும் குறுக்கே வரவில்லை, அப்படித்தானே? நீ கேட்டதைக் கொடுக்காமல் டிராயரில் வைத்துப் பூட்டினேன். உன் கையை நான்தான் உடைத்தேன்.

திரும்பி வரும் வழியில் மாமாதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "நீ கிளம்பு" என்றார்.

சக்கரம் தயார், ஃபிக்ஸட்தான். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன், அதை மடியில் வைத்துக்கொண்டே வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னாலேயே வந்துவிடும். நேரில் பார்த்தால் நீயும் நானும் மாமாவின் முதுகைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். அதனால் இப்போதே எழுதிக் கேட்கிறேன். பரிசோதனைக்குப் போனாயா? உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

அக்கா


நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. ஒரு வாரம் இங்கே இருந்தாய், மாவுக்கட்டைப் பிரிக்கக் கூட வந்தாய், வண்டியை மாட்டினாய், சந்தில் என்னை ஏற்றி இறக்கிப் பழக்கினாய், டெய்லரம்மாவோடு சண்டை போட்டு ராசியானாய். கேட்டதை மட்டும் நீயும் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "எழுதுடா" என்றாய். எழுதுகிறேன்.

போன வருஷமே போனேன். உன் கடிதம், "எனக்கு ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றினார்" என்று எழுதியிருந்தாயே, அது வந்த வாரம்தான் என் ரிசல்ட்டும் வந்தது. அப்பாவுக்கு வந்ததுதான். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, எனக்கு இருக்கிறது என்று உனக்கு எப்படி எழுதுவேன்? நீ நன்றாக இருப்பதற்காக நீயே வருத்தப்பட ஆரம்பித்துவிடுவாய். ஊருக்கு வா, இங்கே உட்கார் என்பாய். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது.

வேனுக்குப் படி உயரம். பூதக்கண்ணாடிக்காக வேண்டாம் என்று சொன்னது பொய். அதில் ஏறவேண்டும் என்றால் என் இடது காலைக் கையால் தூக்கி வைக்கவேண்டும். பின்னால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். சைக்கிளில் போகிறவன் நொண்டுகிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது அக்கா. வீட்டு வாசலில் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, காலை ஷூவுக்குள் வைத்து லேஸ் கட்டிவிட்டால், பட்டறை வாசல் வரைக்கும் நானும் மற்றவர்கள் மாதிரிதான். பையில் இன்னொரு இடது ஷூ இருக்கும், அங்கே போய் மாற்றிக்கொள்வேன். ஒரு நாளில் எனக்கு நன்றாக இருப்பது அந்த நேரம் மட்டும்தான். அதற்காகத்தான் ஃபிக்ஸட் கேட்டேன்.

நாய் இல்லை. ஆனால் என் கையை உடைத்தது நீ இல்லை. சொல்லாமல் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்?

பாலத்தை விட்டுவிட்டேன். நீ கண்டுபிடித்த சுரங்கப்பாதை வழியாகத்தான் போகிறேன். நிற்கும்போது வலப்பக்கம் சாய்கிறேன், வலது பெடல் மேலே இருக்கும்போதுதான் நிறுத்துகிறேன், எல்லாம் நீ சொன்னபடி. வண்டி நன்றாக ஓடுகிறது. இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனதிலிருந்து மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறாய், நான் இரண்டுக்கு ஒன்றாவது எழுதிவிடுகிறேன். மாமா ஓய்வு பெறுகிறார் என்று படித்தேன். இனி நாள் முழுக்க உன் கடையில் உட்கார்ந்துகொண்டு சைக்கிள்காரர்களைத் திட்டுவார். பெல்ட்டை என்ன செய்தார்?

"எல்லோரும் நலம்" என்று இனிமேல் எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

குளிர்காலம் முழுவதும் ஒரு நாள் விடாமல் வண்டியில்தான் போனேன். கம்பிகள் இன்னும் ஒரே சத்தம்தான் கொடுக்கின்றன. மேஜை வேலையும் இருக்கிறது. பூதக்கண்ணாடி ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டில் என் பெடலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். போச்சுடா என்று நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செயினுக்கு எண்ணெ விடுங்க, காஞ்சு கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நேற்று சாயங்காலம் வந்து, வண்டியைப் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்த்து, இடது காலை விடுவித்து, வாசலில் விட்டிருந்த செருப்புகளை மாட்டிக்கொண்டு படியேறினேன். மேலே வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் கீழே டெய்லரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "உங்களுதா பாருங்க" என்றார். என்னுடையதுதான். வலது கால் செருப்பு.

வார் நன்றாகத்தான் இருக்கிறது. புதுச் செருப்பு, நீ வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்தது.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை போவேன். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிடவேண்டும் என்று தோன்றியது. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

வலது காலும் போய்விட்டால் சக்கரத்துக்கு வேகம் கொடுக்க ஆளில்லை. ஃபிக்ஸடும் உதவாது, கியரும் உதவாது. கையால் சுற்றி ஓட்டுகிற மாதிரி ஏதாவது வண்டி உண்டா? மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது, பலம் இருக்கிறது. சுரங்கப்பாதையில் ஏறுமா என்று பார். யோசித்துவிட்டு எழுது. இந்தத் தடவை நீ எதைச் சொன்னாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

அவசரமில்லை.

தம்பி